மகளின் கட்டுரையைத் திருப்பி அனுப்பியவள்

தெங் யாச்சினுக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் அந்த வேலை கிடைத்தது. ஆங்கிலம் படித்துவிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளை, லான்ஜோவில் ஆற்றுக்குத் தெற்கே இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் போய்ச் சேரச் சொல்லிவிட்டார்கள். அங்கே மஞ்சள் மண்ணைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு காலாண்டிதழ் வந்துகொண்டிருந்தது. எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் சீனர்கள். படிக்கிறவர்கள் வெளிநாட்டார் என்று ஒரு நம்பிக்கை. உண்மையிலேயே யாராவது படிக்கிறார்களா என்று அந்தக் காலத்தில் யாரும் விசாரிக்கவில்லை. இதழ் அச்சாகி வந்ததும் பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, எங்கெங்கோ இருக்கும் நூலகங்களுக்கு இலவசமாக அனுப்பிவைப்பார்கள். எப்போதாவது 'கிடைத்தது, நன்றி' என்று ஓர் அட்டை வரும். அன்று அலுவலகத்தில் எல்லாருக்கும் சூரியகாந்தி விதை வாங்கி வைப்பார்கள்.

அவளுடைய வேலை ஆங்கிலத்தைச் சரிசெய்வது. கட்டுரை எழுதுகிறவர் பள்ளத்தாக்கில் மாதக்கணக்காக வெயிலில் காய்ந்து மண் எடுத்திருப்பார். ஆனால் அதைச் சொல்ல வந்த வாக்கியம் மூன்று வரி ஓடி, எழுவாயைத் தொலைத்துவிட்டு முட்டிக்கொண்டு நிற்கும். யாச்சின் அந்த வாக்கியத்தைப் பிரித்து, என்ன சொல்ல வந்தார் என்று தொலைபேசியில் கேட்டு, மறுபடி கட்டுவாள். இப்படிப் பிரித்துக் கட்டியே அவளுக்கு மண்ணும் கொஞ்சம் பழக்கமாயிற்று. காற்று கொண்டுவந்து கொட்டிய தூசி அடுக்கடுக்காய் ஏறியதுதான் தன் ஊர்க் குன்றுகள் என்பதும், கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு என்பதும், கறுத்த பட்டை மழை மிகுந்த காலம், வெளுத்த பட்டை வறட்சி என்பதும் எல்லாம் மேஜையிலிருந்து எழுந்திருக்காமலே அவள் கற்றுக்கொண்டவை.

அவள் கணவன் லூ ஜென்ஹாய் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளன். தொழிற்சாலை தேய்ந்துபோனபோது ஷென்ஜெனுக்குப் போய் வேலை தேடிக்கொண்டு, "நீயும் புள்ளையும் வந்துடுங்க" என்று கூப்பிட்டான். "இந்த இதழ் முடியட்டும், வரேன்" என்றாள் யாச்சின். காலாண்டிதழுக்கு முடிவு ஏது? ஒன்று முடிந்தால் அடுத்தது மேஜையில் கிடந்தது. சில வருடங்களில் அவனும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு வசந்தகாலத்தில் வந்து, விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு பேருமாகப் போய் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். "காரம் ஜாஸ்தி போட்டுட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் அவன். அவ்வளவுதான்.

மகள் சின்யென் அப்பாவின் லூ என்ற குடும்பப் பெயரோடு அம்மாவிடமே தங்கிவிட்டாள். வீட்டில் அவள் யென்யென். பள்ளி விட்டதும் இதழ் அலுவலகத்துக்கு வந்து, அம்மாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சலித்துப்போனால் வேண்டாத புரூஃப் தாள்களில் இருக்கும் மண்ணடுக்குப் படங்களுக்கு வண்ணம் தீட்டுவாள். கடைசியில் அவள் படித்ததும் மஞ்சள் மண்ணையேதான். டாக்டர் பட்டத்துக்கு நெதர்லாந்து போனாள். பட்டம் வாங்கிய பிறகும் அங்கேயே ஒரு தற்காலிக வேலையில் இருந்தாள். யாச்சின் வீட்டில் சோறாக்கும் பானையைச் சின்னதாக மாற்றிக்கொண்டாள்.

இதழுக்குப் புதிய தலைமை ஆசிரியராக ஷாங் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். வெளிநாட்டில் இருந்து திரும்பியவர். ஐம்பதுகூட ஆகவில்லை. நடக்கிறபோது பின்னால் வருகிறவர் ஓட வேண்டும். முதல் கூட்டத்திலேயே மேஜையைத் தட்டினார்.

"நம்ம மண்ணைப் பத்தி உலகத்துலயே அதிகமா எழுதறது யாரு? நாம. எங்க எழுதறோம்? அவன் பத்திரிகையில. எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் அதைப் படிக்க நாமளே பணம் கட்டி வாங்குறோம். கடையில சமைச்சுப் போட்டுட்டு, சாப்பிடவும் காசு குடுக்கற மாதிரி. வெக்கமா இல்ல? நம்ம இதழ் பன்னாட்டுப் பட்டியல்ல ஏறணும். நம்ம கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டறான்னு கணக்குச் சொல்ற தாக்க எண் வாங்கணும். அப்பத்தான் நல்ல கட்டுரை நம்மகிட்ட வரும்."

யாச்சினுக்குப் பக்கத்தில் இருந்தவள் கூ லிங், துணை ஆசிரியை. கைக்குழந்தைக்காரி, வாயும் கொஞ்சம் அதிகம். அவள் குனிந்து, "தெங் அக்கா, சாரோட போன கட்டுரை எங்க வந்துச்சாம் கேளுங்க. லண்டன்ல" என்று முணுமுணுத்தாள். யாச்சின் சிரிப்பை அடக்கக் குடுவையைத் திறந்து தேநீர் குடித்தாள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பட்டியலில் இல்லாத இதழுக்கு யாரும் நல்ல கட்டுரை தரமாட்டார்கள். நல்ல கட்டுரை இல்லாத இதழைப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். ஏணி மாடியில் இருந்தது.

அதற்குப் பிறகு என்னென்னவோ செய்தார்கள். ஆசிரியர் குழுவில் வெளிநாட்டுப் பெயர்களைச் சேர்த்தார்கள். பெயரைத் தந்தவர்களில் பாதிப்பேர் அதோடு மறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு மின்னஞ்சல் போட்டார்கள். அவை குப்பைப் பெட்டியில் விழுந்தன. வியன்னாவில் ஒரு மாநாட்டில் கடை போட யாச்சினை அனுப்பினார்கள். அவள் இதழ்களை அடுக்கி, பக்கத்தில் இலவசப் பேனாக்களும் தேயிலைப் பொட்டலங்களும் வைத்து, கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் பேனாவை எடுத்தார்கள், தேயிலையை எடுத்தார்கள், இதழை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒருத்தி நின்று புரட்டினாள். இல்திகோ என்று ஹங்கேரிக்காரி, நரைத்த குட்டைமுடி, தோளில் பெரிய பை. புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் விரலை வைத்து, "இந்த அளவுகோல் தப்பு" என்றாள். யாச்சின் பார்த்தாள். தப்புத்தான். அச்சான இதழில் தப்பு கண்டுபிடிக்கும் அளவுக்கு ஒரு வெளிநாட்டார் படித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வெட்கத்தைவிட சந்தோஷமே அதிகமாக இருந்தது. "எங்களுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துச் சரி தப்புச் சொல்லும் மதிப்பீட்டாளராக இருப்பீர்களா?" என்று அங்கேயே கேட்டாள். இல்திகோ தோளைக் குலுக்கி, "நான் கறாரான ஆள்" என்றாள். "அதுதான் எங்களுக்கு வேண்டும்" என்றாள் யாச்சின்.

ஊர் திரும்பியதும் ஷாங் புதிதாக ஒரு யோசனை வைத்திருந்தார்.

"தெங் டீச்சர், இனிமே கட்டுரை ஏத்துக்கறதுக்கு முன்னாடி, நம்ம பழைய இதழ்லேருந்து நாலஞ்சை மேற்கோள் காட்டச் சொல்லி எழுதிடுங்க. எண் தானா ஏறும்."

அந்த அலுவலகத்தில் வயதில் மூத்தவர்கள் எல்லாருமே டீச்சர்தான்.

"பிடிபட்டா பட்டியல் பக்கமே நம்மள விடமாட்டான் சார்."

"எல்லாரும் செய்யறதுதானே?"

"எல்லாரும் செய்யறாங்க. பிடிபடறது நம்மள மாதிரி சின்ன ஆளுங்கதான்."

ஷாங் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப ஒண்ணு செய்ங்க" என்றார். "உங்க பொண்ணு இருக்காளே. அவளோட பேராசிரியர் பேரைச் சொன்னா உலகத்துல தெரியாத ஆள் கிடையாது. அவங்க ரெண்டு பேர் பேர்லயும் ஒரு கட்டுரை நமக்கு வந்தா போதும்."

யாச்சின் அதைப் பல நாள் மென்றுகொண்டிருந்தாள். மகளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டாள்.

"யென்யென், உன் பெரிய கட்டுரை முடியப்போகுதுன்னு சொன்னியே. அதை எங்களுக்குத் தர முடியுமா?"

மறுமுனையில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. மகள் தெருவில் போய்க்கொண்டிருந்தாள் போலும்.

"ஷாங் சொல்லிக் கேக்கறியா, நீயா கேக்கறியாம்மா?"

"ரெண்டும்தான்."

"அம்மா, எனக்கு அடுத்த வருஷத்தோட வேலை முடியுது. புது இடத்துல, கட்டுரை எங்க வந்துச்சுன்னுதான் முதல்ல பார்ப்பாங்க. உள்ள என்ன இருக்குன்னு அப்புறம்தான். உங்க இதழ் பேரைப் பார்த்தா, அது என்னன்னு என்னையே கேப்பாங்க. நான் என்ன சொல்றது, எங்கம்மா நடத்தறாங்கன்னா?"

"சரிதான்."

"கோவமா?"

"கோவம் என்ன? உன் இடத்துல இருந்தா நானும் தரமாட்டேன். ஹெல்மெட் போட்டிருக்கியா?"

"இங்க யாரும் போடறதில்லம்மா."

போனை வைத்த பிறகு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். நியாயமான பதில்தான். நியாயமாக இருந்ததே கசந்தது.

ஆனால் கட்டுரை வந்தது. இலையுதிர்காலத்தின் கடைசியில், வெப்பக் குழாய்களில் சூடு விடத் தொடங்கிய வாரத்தில், கூ லிங் நாற்காலியோடு உருண்டு வந்து, "அக்கா! யென்யென்!" என்றாள். ஐரோப்பாவின் இரண்டு பெரிய இதழ்கள், 'ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரிய விஷயம்' என்று சொல்லித் திருப்பிவிட்டிருந்தன. பேராசிரியர், "உன் அம்மா இதழுக்கே அனுப்பிவிடு" என்றாராம். ஷாங்குக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்று மாலையே எல்லாருக்கும் லில்லிக் கிழங்கு போட்ட பணியாரம் வாங்கிக்கொண்டு வந்தார். யாச்சின் பணியாரத்தைச் சாப்பிட்டாள். ஆனால் கட்டுரையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"என் பொண்ணு எழுதினது. நான் பார்க்கறது முறையில்ல. கூ லிங் பார்க்கட்டும். மதிப்பீட்டுக்கு யாருக்கு அனுப்பறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க சார்."

ஷாங் பெய்ஜிங்கில் ஒருவருக்கும், பெயருக்கு ஒரு வெளிநாட்டார் வேண்டுமே என்று இல்திகோவுக்கும் அனுப்பினார். பெய்ஜிங்கிலிருந்து இரண்டே வரியில் பாராட்டு வந்தது. இல்திகோவிடமிருந்து நாலு பக்கம் வந்தது. கட்டுரையின் நடுப்பகுதியில், கீழே இருக்கும் அடுக்கின் வயது மேலே இருப்பதைவிடக் குறைவாக வந்திருக்கிறது. ஆசிரியர்கள் அதற்கு நிலநடுக்கம், மண்சரிவு என்று அழகான காரணம் சொல்லியிருக்கிறார்கள். 'எனக்கு எளிமையான காரணம் ஒன்று தோன்றுகிறது' என்று எழுதியிருந்தாள் இல்திகோ. 'மண் பைகள் இடம் மாறிவிட்டன. அந்த இடத்துக்குத் திரும்பப் போய் மறுபடி எடுக்காமல் இதை வெளியிடக் கூடாது.'

கூ லிங் அதை அச்செடுத்து இரண்டு பேர் முன்னாலும் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"சின்னத் திருத்தம்னு போட்டு ஏத்துக்கலாம்" என்றார் ஷாங். "இவ்வளவு பெரிய பேரு. வந்ததும் ஊரெல்லாம் மேற்கோள் காட்டுவான்."

"தப்புன்னு சொல்றதுக்கும் மேற்கோள் காட்டுவான் சார்."

"தப்புன்னு ஒருத்தி சொல்றா. சரின்னு ஒருத்தர் சொல்றாரு. தெங் டீச்சர், கோவிச்சுக்காதீங்க, நீங்க ஆங்கிலம் படிச்சவங்க. மண்ணு விஷயம் எங்ககிட்ட விடுங்க."

யாச்சின் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்ககிட்டத்தான் விடறேன். படிச்சுட்டு சொல்லுங்க."

அவர் படித்தார். அவரும் அந்த மண்ணில் இருபது வருடம் உழன்றவர்தான். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "உங்க சொந்தப் பொண்ணும்மா. அவளுக்கு வேலை போகப்போற நேரம்."

"எனக்குத் தெரியாதா சார்?" "ஏத்துக்கறதுன்னா கடிதத்துல நீங்க கையெழுத்துப் போடுங்க. திருப்பறதுன்னா நான் போடறேன்."

ஷாங் கையெழுத்துப் போடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதோ கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அலுவலக வழக்கமான மதியத் தூக்கம் முடிந்து எல்லாரும் முகம் கழுவிக்கொண்டு வந்த நேரத்தில் யாச்சின் அந்தக் கடிதத்தை அனுப்பினாள். எல்லாருக்கும் போகும் அதே கடிதம். 'அன்புள்ள டாக்டர் லூ அவர்களுக்கு' என்று தொடங்கி, 'தங்கள் ஆய்வு மேலும் சிறக்க வாழ்த்துகள்' என்று முடியும். கீழே தனியாக ஒரு வரி சேர்க்கலாமா என்று விரலை வைத்தாள். மற்றவர்களுக்குச் சேர்க்காததை இவளுக்கு மட்டும் எப்படிச் சேர்ப்பது என்று எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. யாச்சின் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்தது. சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு முந்தின நாள் கூ லிங், "எங்க வீட்டுக்கு வந்துடுங்கக்கா. நீங்க இருந்தா என் மாமியார் என்னைத் திட்ட மறந்துடுவா. எனக்குத்தான் லாபம்" என்றாள். யாச்சின் சிரித்து, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஆட்டிறைச்சியும் காரட்டும் வைத்துக் கொழுக்கட்டை பிடித்தாள். பழக்கத்தில் இரண்டு பேருக்குப் பிடித்துவிட்டாள். உறைந்து கறுத்த பேரிக்காயைக் கிண்ணத்தில் இளக வைத்தாள். யென்யென் அதில் துளை போட்டு உறிஞ்சிக் குடிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் கூட்டமாகச் சிரித்தார்கள். மகளிடமிருந்து புத்தாண்டுக்குத் தொங்கவிடும் சிவப்புக் காகித விளக்கின் படம் ஒன்று மட்டும் வந்தது. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்த அதே படம்.

தூசிக் காற்று ஓய்ந்த மே மாதத்தில் கூ லிங் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னாள்.

"அக்கா, யென்யென் ஊருக்கு வந்திருக்காளா?"

"இல்லியே."

"நம்ம நிலையத்து டிரைவர் பார்த்தானாம். கிழக்கே, குன்றைச் செங்குத்தா வெட்டி விட்ட அந்தப் பழைய மண்வெட்டு இருக்குற பள்ளத்தாக்குல. கயிறு கட்டித் தொங்கிக்கிட்டு மண்ணு எடுத்துக்கிட்டு இருக்காளாம்." பிறகு அவசரமாக, "அவன் கண்ணு கொஞ்சம் மங்கல்தான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

மகள் லான்ஜோ வழியாகத்தான் போயிருக்க வேண்டும். வேறு வழியில்லை. யாச்சின் அன்று முழுவதும் ஒரே பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள். வட்டத் தலைநகரில் இறங்கி, வெங்காயம் ஏற்றிவந்த வேனில் இடம் பிடித்து, கடைசியில் நடந்து போனாள்.

வாழ்நாளெல்லாம் மஞ்சள் மண்ணைப் பற்றிய வாக்கியங்களைத் திருத்தியவள் ஒரு மண்வெட்டின் அடியில் வந்து நின்றது அதுதான் முதல்முறை. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலித்தது. படத்தில் விரற்கடையாக இருந்த கறுத்த பட்டை இங்கே ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. அந்தச் சுவரின் பாதியில் ஒரு கயிற்றில், தலையில் மஞ்சள் தொப்பியோடு, மகள் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் பதறிவிடுவாளோ என்று யாச்சின் ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

இறங்கி வந்த சின்யென் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகம், இமை, காது எல்லாம் மண். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"யாரு சொன்னா?"

"டிரைவர்."

"இந்த ஊர்ல ஒரு ரகசியம் நிக்காது." அவள் கையுறையைக் கழற்றினாள். "ஹெல்மெட் போட்டிருக்கேன், பாத்துக்க."

யாச்சின் தண்ணீர்க் குடுவையை நீட்டினாள். மகள் வாங்கிக் குடித்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பை மாறித்தான் போயிருக்கும்மா. அன்னிக்கு மழை வந்துச்சுன்னு அவசரத்துல நம்பர் போட்டோம். நான்தான் போட்டேன். அந்த ஆளு சரியாத்தான் சொல்லியிருக்காரு."

ஆண் இல்லை, பெண் என்று சொல்ல யாச்சினுக்கு வாய் வரை வந்தது. மதிப்பீட்டாளரைப் பற்றி எதையும் சொல்லக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டாள். "அப்ப ஏன் எங்கிட்ட பேசல?"

"என்ன பேசச் சொல்ற? 'அன்புள்ள டாக்டர் லூ அவர்களுக்கு'ன்னு எழுதுற. அதுக்கு மகள்னு எப்படிப் பதில் போடறது?"

"அது எல்லாருக்கும் போற கடிதம்."

"தெரியும். நான் சின்ன வகுப்புல படிக்கறப்போ அதை நீ எழுதினே. எங்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டி, கேக்கறவங்களுக்கு வலிக்குமான்னு கேட்டே. வலிக்காதுன்னு நான்தான் சொன்னேன்."

மகள் கையுறைகளை முழங்காலில் தட்டி மண்ணை உதறினாள். பிறகு மகள் சொன்னாள், "புது மண்ணோட வயசுக் கணக்கு வந்ததும் மறுபடி உங்களுக்கு அனுப்ப முடியாதும்மா. பேராசிரியர் வேற இடம் பேசி வச்சிருக்காரு."

"நான் கேக்கலியே."

"உன் மூஞ்சி கேக்குது."

யாச்சின் கையை எடுத்து மகளின் இமையில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள். மாவு போல இருந்தது அது. அன்று மாலை வட்டத் தலைநகரில் ஒரு கடையில் இரண்டு பேரும் ஆட்டிறைச்சி நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். மறுநாள் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட வந்தபோது, மகள் ஜன்னலுக்குக் கீழே நின்று, "போய் ரெஸ்ட் எடும்மா" என்றாள். எதிலிருந்து ரெஸ்ட் என்று இருவருக்கும் தெரியவில்லை.

சின்யென்னின் கட்டுரை அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் நல்ல இதழ் ஒன்றில் வந்தது. யாச்சின் அதை வரிவரியாகப் படித்தாள். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. திருத்த ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தின் மேற்கோள்களில் தன் இதழின் பெயரைத் தேடினாள். இல்லை. இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டு இல்திகோ ஒரு நாள் எழுதினாள். திருப்பிவிட்டோம் என்று யாச்சின் பதில் போட்டாள். 'அந்தப் பேராசிரியரின் பெயர் இருந்துமா?' என்று ஒரு வரி வந்தது. இரண்டு மாதம் கழித்து, டான்யூப் கரை மண்ணையும் மஞ்சளாற்றுக் கரை மண்ணையும் ஒப்பிட்டு, தன் பத்து வருட உழைப்பை இல்திகோ அந்த இதழுக்கே அனுப்பிவைத்தாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரும் பின்னாலேயே அனுப்பினார்கள். மேற்கோள்கள் கேட்காமலே வந்தன. ஷாங் ஒரு பெரிய வெளிநாட்டுப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் முடித்தார். ஒருநாள் பட்டியலில் ஏறியாயிற்று என்று தகவல் வந்தது.

அதற்கு வைத்த விருந்தில் ஷாங் கோப்பையைத் தூக்கிக்கொண்டு யாச்சினிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. "தெங் டீச்சர், அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தா…" என்று தொடங்கி, முடிக்காமல் ஒரே மடக்கில் குடித்தார். அவர் கெட்டவர் இல்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது. மகளுக்குச் செய்தி போட்டாள். 'சூப்பர்மா!!' என்று பதிலும் ஒரு பூங்கொத்துப் படமும் வந்தன.

கையேந்திக் கட்டுரை கேட்ட காலம் போய், வருவதில் பெரும்பாலானதைத் திருப்பி அனுப்பும் காலம் வந்தது. ஆங்கிலம் திருத்தும் வேலை பதிப்பகத்தோடு போயிற்று. இப்போது அதைச் சென்னை என்ற ஊரில் யாரோ செய்தார்கள். ஒருநாள்கூடத் தாமதிக்காமல், பணிவான கேள்விகளோடு புரூஃப் வந்தது. அந்தக் கேள்விகள் தானே கேட்டிருக்கக் கூடியவையாக இருந்ததால், யாச்சினுக்கு அந்த முகம் தெரியாத ஆளின் மேல் கோபப்பட முடியவில்லை. அவளுக்கு மிஞ்சியது திருப்பி அனுப்பும் கடிதங்கள்.

அப்படித் திருப்பப்பட்டவர்களில் ச்சியாவும் ஒருவர். மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் சின்னக் கல்லூரி வாத்தியார். இதழை நாய்கூடச் சீண்டாத காலத்தில் வருடம் தவறாமல் கட்டுரை தந்தவர். கடிதம் கிடைத்த அன்றே போன் செய்தார்.

"தெங் டீச்சர், பட்டியல்ல ஏறிட்டீங்களாம். வாழ்த்துகள். எங்கள மாதிரி ஆளுங்க இனிமே ஏணி வச்சுத்தான் உங்களைப் பார்க்கணும் போல."

"ச்சியா சார், கட்டுரையை எனக்குத் தனியா அனுப்புங்க. வேற இதழுக்குப் போற மாதிரி நான் சரிபண்ணித் தரேன்."

"வேணாம் டீச்சர். அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். இனிமே எதுக்கு? சும்மா, சேதி சொல்லலாம்னு கூப்பிட்டேன். அங்க மழை உண்டா?"

மழை இல்லை என்றாள். இங்கேயும் இல்லை என்றார் அவர்.

யாச்சினுக்கும் ஓய்வு வந்தது. ஒரு பூங்கொத்து, ஒரு குடுவை, கூ லிங்கின் அழுகை. சின்யென்னுக்கு நெதர்லாந்திலேயே நிரந்தர வேலை கிடைத்திருந்தது. "இங்க வந்து இரும்மா, பொழுது போகும்" என்று கூப்பிட்டாள். இந்தத் தடவை முடிக்க வேண்டிய இதழ் எதுவும் இல்லாததால் அவள் போனாள்.

மகள் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் மழைச் சத்தம்தான். பக்கத்து வீட்டில் ஒரு வயதான பெண் இருந்தாள். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்பாள். யாச்சினுக்கு நன்றாகப் புரியும். ஆனால் வாயைத் திறந்தால் வந்ததெல்லாம் 'தங்கள் அன்பான விசாரிப்புக்கு எங்கள் மனமார்ந்த நன்றி' என்பது போன்ற வாக்கியங்கள். அந்தப் பெண் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். முப்பது வருடம் ஆங்கிலத்திலேயே பிழைத்தவளுக்கு, அந்த மொழியில் பூனையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசத் தெரியவில்லை. ஒரு தடவை இல்திகோவுக்கு எழுதி, ரயிலில் வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். இல்திகோ அப்போது எங்கேயோ களப்பணியில் இருந்தாள். அடுத்த முறை கட்டாயம் என்று பதில் வந்தது.

சொன்ன தேதிக்கு முன்பே யாச்சின் கிளம்பிவிட்டாள். "காலையில நூடுல்ஸ் இல்லாம என்னால முடியல" என்றாள் மகளிடம். சின்யென் விமான நிலையத்தில் அம்மாவை வெகுநேரம் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லான்ஜோவில் அந்த வாரம் தூசிக் காற்று அடித்திருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டில் மேஜை, நாற்காலி, அடுப்பு எல்லாவற்றின் மேலும் மெல்லிய மஞ்சள் படிந்திருந்தது. யாச்சின் பெட்டியை ஓரமாக வைத்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து, துணியை நனைத்துப் பிழிந்து, ஜன்னல் பக்கத்திலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.